யாருக்காகக் கோபப்பட்டாள்?

போன மார்ச் மாதம் தேனிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் மகளிர் தினத்துக்குப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். மேடைக்குப் பின்னால் சுவர் முழுக்க ஒரு ஃப்ளெக்ஸ். மகிஷாசுரமர்த்தினி. சிங்கத்தின் மேல் சிவப்புப் பட்டு உடுத்தி அவள் உட்கார்ந்திருக்க, காலடியில் பாதி எருமையும் பாதி மனிதனுமாக அசுரன். பத்துக் கைகள். சூலமும் சக்கரமும் இரண்டு கையில்தான் இருந்தன. மற்றவற்றில் மடிக்கணினி, ஸ்டெதாஸ்கோப், கரண்டி, பால்புட்டி, துடைப்பம், காய்கறிப் பை. ஃப்ளெக்ஸின் அடியில் நன்கொடை கொடுத்தவர்களின் முகங்கள், பாஸ்போர்ட் அளவில். ஏலக்காய் வியாபாரி, திராட்சைக் கமிஷன் மண்டிக்காரர், நகைக்கடைக்காரர், ஒரு முன்னாள் கவுன்சிலர். அத்தனையும் ஆண் முகம்.

மாணவிகள் நடனம் ஆடினார்கள். கடைசிக் காட்சியில் ஒருத்தி முன்னால் சூலத்தோடு நிற்க, அவளுக்குப் பின்னால் நாலு பேர் வரிசையாக மறைந்து நின்று கைகளை மட்டும் நீட்டினார்கள். பத்துக் கை வந்துவிட்டது. கூடம் அதிர்ந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேராசிரியை குனிந்து, “பொம்பளைன்னா இதுதான் மேடம், சக்தி” என்றார். எனக்குக் கொடுத்திருந்தது பதினைந்து நிமிடம். அதில் சொல்ல முடியாமல் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன். நிகழ்ச்சி முடிந்தபின், அந்த நாலு பேரில் ஒருத்தி சைக்கிள் ஸ்டாண்ட் ஓரமாக என்னை நிறுத்தி ஒரு விஷயம் சொன்னாள். அதுவும் வரும்.

முதலில் படம். நம் வீடுகளில் தொங்குகிற துர்க்கை எங்கிருந்து வந்தாள்? நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை வரைந்து, பிறகு கோவில்பட்டியில் தங்கிவிட்ட கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் சாமிகளுக்கு ஒரு முகம் கொடுத்தார்கள். சிவகாசி அச்சகங்கள் அந்த முகத்தை லட்சக்கணக்கில் அடித்துக் கொடுத்தன. மளிகைக்கடை, உரக்கடை, நகைக்கடை என்று எல்லோரும் தை மாதத்துக்கு முன்பே காலண்டராகக் கொடுத்தார்கள். 1976-இல் கொண்டையராஜு இறந்தபோது தமிழ்நாட்டில் அந்த முகம் தொங்காத வீடு குறைவு. அழகான முகம்தான், அதை மறுக்கவில்லை. உருண்டைக் கன்னம், ரோஜா நிறம், லேசான புன்சிரிப்பு. ஆனால் அந்தச் சாயலில் வரைந்த துர்க்கையை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். கை சூலத்தை ஒருவன் நெஞ்சில் இறக்குகிறது. முகத்தில் ஒரு சலனம் இல்லை. வியர்வை இல்லை. கூந்தல் கலையவில்லை. பூ கசங்கவில்லை. கொலை செய்கிறவளின் முகமா அது? கல்யாண வீட்டில் பன்னீர் தெளிக்க நிற்கிற பெண்ணின் முகம் அப்படித்தான் இருக்கும்.

மாமல்லபுரம் குகையில் இருக்கிறவள் இவள் இல்லை. ஏழாம் நூற்றாண்டில் பல்லவச் சிற்பி செதுக்கிய அந்தச் சுவரில் சண்டை இன்னும் முடியவில்லை. சிங்கம் பாய்கிறது, அவள் வில்லை இழுத்திருக்கிறாள், உடம்பு முழுக்க முன்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. எதிரே மனித உடம்பும் எருமைத் தலையுமாக மகிஷன் கதையோடு நிற்கிறான். பின்வாங்குகிறான், ஆனால் விழவில்லை. அவன் அவளைவிடப் பெரிய உருவம். அவள் ஜெயிப்பாளா என்ற கேள்விக்கு அந்தக் கல்லில் இடம் இருக்கிறது. காலண்டரில் அந்தக் கேள்வியே கிடையாது. எல்லாம் முடிந்தபின் எடுத்த போட்டோ மாதிரி இருக்கிறது.

கதையைச் சொல்லும் தேவி மகாத்மியத்திலும் இந்தப் பன்னீர்ச் சொம்பு முகம் இல்லை. அதில் அவள் சண்டைக்கு நடுவே மது குடிக்கிறாள், கண் சிவக்கிறாள், உரக்கச் சிரிக்கிறாள், பிறகுதான் மகிஷன்மேல் பாய்ந்து மிதிக்கிறாள். குபேரன் அவளுக்குக் கொடுத்த பரிசே மதுக்கிண்ணம்தான். கல்லூரி ஃப்ளெக்ஸில் பத்துக் கைக்குச் சாமான் தேடி, கரண்டி வரைக்கும் வந்த ஓவியருக்கு அந்தக் கிண்ணம் மட்டும் ஞாபகத்துக்கு வரவில்லை. (வந்திருந்தால் நன்கொடை நின்றிருக்கும்.)

அதே நூலில் இன்னொரு விஷயம் இருக்கிறது. அதை நாம் பெருமையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். சூலம் சிவன் கொடுத்தது. சக்கரம் விஷ்ணு. வச்சிராயுதம் இந்திரன். வில்லும் அம்பறாத்தூணியும் வாயு. சங்கும் பாசக்கயிறும் வருணன். தண்டம் எமன். சிங்கத்தைக் கொடுத்தவன் இமவான். அவளுடைய உடம்பே தேவர்களின் கோபத்திலிருந்து கிளம்பிய ஒளி திரண்டு ஆனது. தேவர்கள் மகிஷனிடம் தோற்றார்கள், சொர்க்கம் பறிபோனது, தாங்களே மீட்க முடியவில்லை, ஒருத்தியை உண்டாக்கி ஆயுதம் கொடுத்து அனுப்பினார்கள். அவள் ஜெயித்துக் கொடுத்தாள். சொர்க்கம் யாருக்குப் போனது? இந்திரனுக்கு. காலண்டரில் மேல் மூலையில் மேகத்துக்குள் நின்று பூத் தூவுகிறார்களே, அவர்கள்தான். கல்லூரி ஃப்ளெக்ஸில் அவர்களைக் கீழே இறக்கி, பாஸ்போர்ட் அளவில் ஒட்டியிருந்தார்கள்.

அவள் யாருக்காகக் கோபப்பட்டாள் என்பதுதான் என் கேள்வி. அந்தப் படத்தில் நன்மை எது, தீமை எது என்று நமக்குச் சின்ன வயதிலேயே சொல்லிவிடுகிறார்கள். ஒரு பெண்ணின் கோபம் எப்போது நன்மை, எப்போது தீமை என்பதையும் அதே படம் சொல்லிக் கொடுத்துவிடுகிறது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மற்றவர்களின் இழப்புக்காக அவள் எழுந்தால் தெய்வம். தனக்காக எழுந்தால்?

இதற்குப் பதில் இன்னொரு படத்தில் இருக்கிறது. அதற்கு முன் எருமையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் வளர்ந்த எந்தப் பெண்ணையாவது கேளுங்கள், அவளை வீட்டில் என்ன சொல்லித் திட்டினார்கள் என்று. “எருமை மாடு மாதிரி தூங்குறா.” “கூப்பிட்டா எருமை மாதிரி நிக்கிறா பாரு.” “ஏண்டி எருமை, காது கேக்கல?” நிறம் கொஞ்சம் கூடுதலாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். பசு என்றால் மகாலட்சுமி, அதை மஞ்சள் குங்குமம் வைத்துக் கிரகப்பிரவேசத்துக்குள் கூட்டிவருகிறோம். எருமை என்றால் எமன் ஏறி வருகிற வாகனம். ஆனால் பால் ஊற்றிப் பிழைக்கிற வீடுகளில் கணக்கே வேறு. சின்னமனூர்ப் பக்கம் என் அம்மாச்சி வைத்திருந்த எருமைக்குக் கறுப்பாயி என்று பெயர். அதன் பால் காசுதான் அம்மாச்சி கையில் புருஷனைக் கேட்காமல் செலவழிக்கக் கிடைத்த ஒரே காசு. என் அம்மாவின் பள்ளிக்கூடப் பீஸ் அதிலிருந்து போனது. கறுப்பாயி செத்த அன்று அம்மாச்சி சோறு தின்னவில்லை. அதே அம்மாச்சி வீட்டுச் சுவரில்தான் அந்தக் காலண்டரும் தொங்கியது. எருமையின் வெட்டுப்பட்ட கழுத்துக்கு நேர் கீழே பால் கணக்கு நோட்டு ஆணியில் மாட்டியிருக்கும். எனக்கு அது அப்போது தோன்றவில்லை.

படத்தில் தீமைக்கு ஏன் கறுப்பு நிறம், ஏன் சுருட்டை முடி, ஏன் முறுக்கு மீசை, ஏன் எருமை என்ற கேள்வியைத் தலித் இயக்கங்களும் பழங்குடி மக்களும் எப்போதோ கேட்டுவிட்டார்கள். மைசூரில் சாமுண்டி மலையில் மகிஷனுக்குச் சிலை இருக்கிறது, ஒரு கையில் வாள், ஒரு கையில் பாம்பு. தசராவுக்கு எதிராக அங்கே மகிஷ தசரா கொண்டாடுகிறார்கள். ஜார்க்கண்டில், மேற்கு வங்கத்தில் அசுர் என்ற பெயரிலேயே ஒரு பழங்குடி இருக்கிறது. நவராத்திரி அவர்களுக்குத் துக்கநாள். அந்தக் கோபம் நியாயமானது. நானும் அதோடு நிற்கிறேன். ஆனால் ஓர் இடத்தில் எனக்கு முள் குத்துகிறது. அந்த மறுவாசிப்புகள் சிலவற்றில் துர்க்கை யார் தெரியுமா? நல்ல அரசனை மயக்கிக் கொல்ல எதிரிகள் அனுப்பிய வேசி. படத்தைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினாலும் பெண்ணுக்கு இரண்டே வேஷம்தான் மிஞ்சுகிறது: அனுப்பப்பட்ட தெய்வம், இல்லையென்றால் அனுப்பப்பட்ட வேசி. தானாகப் புறப்பட்டு வந்தவள் என்று ஒருத்தியை இரண்டு தரப்புமே கற்பனை செய்யவில்லை.

தானாகப் புறப்பட்ட ஒருத்தி இருக்கிறாள். கம்பம் பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் அவளைத் தெரியும், பெயர்தான் தெரியாது. கார்த்திகை, மார்கழியில் தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், குமுளி என்று இந்த ஒற்றைச் சாலையில் ராத்திரி பகலாகச் சபரிமலை வண்டிகள் போகின்றன. டீக்கடைகளிலும் பேருந்துக் கண்ணாடிகளிலும் ஐயப்பன் படங்கள். புலிமேல் வருகிற படம் எல்லோருக்கும் பழக்கம். இன்னொரு படம் இருக்கிறது: வில் ஏந்திய சிறுவன் விழுந்து கிடக்கிற ஓர் எருமையின் மேல் ஏறி ஆடுகிறான். அந்த எருமை பெண். பெயர் மகிஷி. மகிஷனின் தங்கை.

அண்ணனைக் கொன்றதற்குப் பழிவாங்கத் தவம் இருந்தாள் மகிஷி என்று கதை. யாரும் அவளை அனுப்பவில்லை, யாரும் ஆயுதம் கடன் கொடுக்கவில்லை. தவம் செய்து வரம் வாங்கினாள். தேவர்களை விரட்டினாள். அவளைக் கொல்வதற்கென்றே ஒரு பிள்ளை பிறக்க வேண்டியிருந்தது. செத்தபின் சாபம் நீங்கி அழகான பெண்ணாக எழுந்தாள், அவனையே மணக்கக் கேட்டாள், கன்னி ஐயப்பன் வராத வருஷத்தில் மணக்கிறேன் என்று அவன் சொன்னான், இன்றைக்கும் மாளிகைப்புறத்தம்மாவாகப் பக்கத்துக் கோயிலில் காத்திருக்கிறாள் என்று கதை முடிகிறது. அதாவது முடியவில்லை. எருமேலிக்கு அந்தப் பெயர் எருமையைக் கொன்றதால்தான் வந்தது என்பார்கள். அங்கே முகத்தில் சாயம் பூசிக்கொண்டு பேட்டை துள்ளுகிற ஆண்கள் கொண்டாடுவது ஒரு பெண்ணின் சாவை என்பதை நினைத்துக்கொண்டு துள்ளுகிறார்களா, தெரியவில்லை.

இப்போது இன்னொருத்தியை மகிஷிக்குப் பக்கத்தில் நிறுத்துகிறேன். அவளும் இந்தப் பள்ளத்தாக்குக்காரிதான், ஒரு வகையில். மதுரையை எரித்தபின் கண்ணகி வைகைக் கரை ஓரமாகவே மேற்கே நடந்து மலை ஏறினாள் என்கிறது சிலம்பு. அவள் ஏறிய மலை கூடலூருக்கு மேலே இருக்கிற மங்கலதேவி மலைதான் என்பது இங்கே உள்ளவர்களின் நம்பிக்கை. வருஷத்தில் ஒரே நாள், சித்ரா பௌர்ணமி அன்று, இரண்டு மாநில வனத்துறையும் போலீசும் நின்று விடுகிற அளவுக்கு மக்கள் மேலே போகலாம். நான் இரண்டு முறை போயிருக்கிறேன். இடிந்த கல் மண்டபம், காற்று, வெயில், வளையல் கேட்டு நெருக்குகிற பெண்கள் கூட்டம். சாயங்காலம் எல்லோரையும் இறக்கிவிடுவார்கள். மீதி 364 நாளும் அவள் புலிகள் காப்பகத்துக்குள்.

கண்ணகி பாண்டியன் வாசலில் வந்து நின்ற காட்சி நினைவிருக்கும். உள்ளே ஓடிய வாயிற்காவலன் அவளை எப்படி விவரிக்கிறான் என்று ஒருமுறை எடுத்துப் படியுங்கள். எருமைத் தலைமேல் நிற்கிற கொற்றவை, காளி, தாருகன் மார்பைக் கிழித்தவள் என்று ஒரு பட்டியலே போடுகிறான். அவள் இல்லை, இவளும் இல்லை, ஆனால் அப்படி நிற்கிறாள் என்கிறான். அந்த மனிதனுக்குக் கோபமான பெண்ணைப் பார்த்துப் பழக்கமே இல்லை. அவன் பார்த்ததெல்லாம் கோயில் சுவரில் இருக்கிற கோபம்தான். எதிரில் நிற்பவள் கையில் இருந்ததோ ஒற்றைச் சிலம்பு. சாட்சிப் பொருள். அவள் வழக்குப் போட வந்தவள். அவன் கண்ணுக்குத் தெய்வப் படமாகத் தெரிகிறாள். காவலனை ரொம்பக் குறை சொல்லவும் முடியாது. காவல் நிலைய வாசலில் இன்றைக்கும் நமக்குக் கிடைக்கிற பார்வை அதுதான்: இவளுக்கு என்ன சாமி வந்திருக்கிறதா?

மகிஷியும் கண்ணகியும் கேட்டது ஒன்றே. என் ஆளைக் கொன்றாயே, பதில் சொல். அண்ணனுக்காகக் கேட்டவள் அசுரி. அவள்மேல் ஏறி ஆடலாம். புருஷனுக்காகக் கேட்டவள் பத்தினித் தெய்வம். அவளுக்குக் கோயில். இரண்டு பேருமே தனக்காகக் கேட்கவில்லை, அதையும் கவனியுங்கள். கோவலன் மாதவி வீட்டில் இருந்த வருஷங்களுக்காகக் கண்ணகி ஒரு வார்த்தை கோபப்பட்டிருந்தால் அவளுக்கு எந்த மலையிலும் ஒரு கல்லும் நட்டிருக்க மாட்டார்கள்.

பழங்கதையைப் பிடித்துக்கொண்டு தொங்காதே என்று சொல்வீர்கள். சரி. 2018 செப்டம்பர் 28-இல் உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில், பத்து வயதிலிருந்து ஐம்பது வயது வரையுள்ள பெண்களும் சபரிமலைக்குப் போகலாம் என்றது. அந்த ஒன்று, அமர்வில் இருந்த ஒரே பெண் நீதிபதி இந்து மல்ஹோத்ரா. 2019 ஜனவரி 2 விடியற்காலையில் இரண்டு பெண்கள் போலீஸ் பாதுகாப்போடு உள்ளே போய் வந்தார்கள். நடையை அடைத்துச் சுத்திகரிப்புச் செய்தார்கள். அந்த இருவரில் ஒருவர் பெயர் கனகதுர்கா. வீடு திரும்பியபோது மாமியார் தாக்கியதாகப் புகார் எழுந்து, அவர் மருத்துவமனையில் சேர்ந்தார். அவர் யாருடைய சொர்க்கத்தையும் மீட்கப் போகவில்லை. தான் கும்பிட வேண்டும் என்று போனார். பெயரில் துர்க்கை இருந்தும் அவருக்கு ஒருவரும் பூத் தூவவில்லை.

அரசியலிலும் இதே கணக்குதான். ஜெயலலிதா முதல்முறை சட்டமன்றத்துக்குப் போனது நம் போடிநாயக்கனூரிலிருந்து, 1989-இல். எதிர்க்கட்சித் தலைவர். அந்த வருஷம் மார்ச் 25 அன்று சபைக்குள் நடந்த அமளியில் தன் சேலை பிடித்து இழுக்கப்பட்டதாக அவர் சொன்னார். ஆளுங்கட்சி மறுத்தது, நாடகம் என்றது. பிறகு அவர் முதலமைச்சரானதும் அவருடைய கட்சி ஆண்களே அவரை அம்மனாக வரைந்து சுவரெங்கும் வைத்தார்கள். எனக்கு அவருடைய ஆட்சிமேல் பெரிய மரியாதை எதுவும் கிடையாது. அது வேறு பேச்சு. தன் உடம்புக்கு நேர்ந்ததை ஒரு பெண் சொன்னபோது நாடகம். பதவி கொடுக்கிற இடத்துக்கு வந்தபோது தெய்வம். 1971 போரில் ஜெயித்த இந்திரா காந்தியைத் துர்க்கை என்றார்கள், நெருக்கடி நிலையிலும் எம்.எப். உசேன் அவரைத் துர்க்கையாகத்தான் வரைந்தார். துர்க்கைப் பட்டம் கொடுக்கிற அவசரத்தைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

போடிமெட்டு ஏறினால் மறுபக்கம் மூணாறு. 2015 செப்டம்பரில் அங்கே தேயிலைத் தோட்டத்துப் பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், இருபது சதவீத போனஸ் கேட்டுச் சாலையில் உட்கார்ந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களைப் பக்கத்தில் சேர்க்கவில்லை. அந்த ஆண்கள் எல்லோரும் இத்தனை வருஷம் யாருக்காகப் பேசினார்கள் என்று முகத்துக்கு நேராகக் கேட்டார்கள். பெம்பிளை ஒருமை என்று அந்தப் போராட்டத்துக்குப் பெயர். ஒன்பது நாளில் கேட்டதை வாங்கினார்கள். அவர்கள் கையில் சூலம் இல்லை, அட்டைக் கடி இருந்தது. தன் கூலிக்காக, தன் முதுகுவலிக்காக, தன் பெயரில் கோபப்பட்ட பெண்கள். 2017 ஏப்ரலில் கேரள அமைச்சர் எம்.எம். மணி அவர்களைப் பற்றிப் பேசிய பேச்சு, அவர்களின் ஒழுக்கத்தைக் குறிவைத்த பேச்சு என்று பெரிய கொந்தளிப்பானது. அவர்கள் மறுபடி மூணாறு சாலையில் வந்து உட்கார வேண்டியிருந்தது. மகிஷிக்குக் கிடைத்ததுதான்.

இதையெல்லாம் சொன்னால் தோழிகள் சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். “அந்தப் படம் எங்க அம்மாவுக்குத் தைரியம் கொடுத்துச்சு, அதைப் போய் ஏன் பிடுங்குற?” என்று ஒருத்தி நேராகவே கேட்டாள். அவள் சொல்வதில் உண்மை இருக்கிறது, அதைத் தாண்டிப் போக மாட்டேன். வீரபாண்டியில் சித்திரைத் திருவிழாவின் எட்டு நாளும் முல்லையாற்றில் குளித்துவிட்டு ஈரச் சேலையோடு அக்கினிச் சட்டி ஏந்தி வருகிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். சாமி வந்து ஆடுகிறபோது ஒருத்தி தன் மாமனாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, “என் பிள்ளையை என்னடா பண்ணுன?” என்று கேட்டதைக் காதால் கேட்டிருக்கிறேன். அந்த ஆள் கைகூப்பி நின்றான். ஒரு நிமிடம் ஊரே அவள் பக்கம். ஆனால் திருநீறு பூசி மலையேற்றியதும் அவள் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு முக்காட்டை இழுத்துக்கொண்டு அதே மாமனாருக்குப் பின்னால் நடந்து போனாள். “நான் என்ன சொன்னேன்?” என்று பக்கத்தில் கேட்டுக்கொண்டே போனாள். சொன்னது அவள் இல்லை, அம்மன். அதனால்தான் ஊர் கேட்டது.

அதே வீரபாண்டியின் தலபுராணத்தை இந்தத் தோழிகள் ஏன் எடுத்துப் பார்ப்பதில்லை? கௌமாரி அங்கே தவத்தில் இருக்கிறாள். ஓர் அசுரன் அவளைத் தூக்கிக்கொண்டு போக வருகிறான். அவள் காலடியில் இருந்த அருகம்புல்லைக் கிள்ளி அவன்மேல் எறிகிறாள். புல் மூன்று முனை ஆயுதமாகி அவனைப் பிளக்கிறது. இவ்வளவுதான் கதை. தேவர்கள் வரிசையாக வந்து ஆயுதம் கொடுக்கிற சடங்கு இதில் இல்லை. பறிபோக இருந்தது அவளுடைய உடம்பு. கையில் கிடைத்தது புல். இந்தப் பள்ளத்தாக்கின் ஒவ்வொரு பேருந்திலும் ஊக்கை ஒடித்து வைத்துக்கொண்டு நிற்கிற பெண்ணுக்கு இந்தக் கதையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மகளிர் தினத்துக்கு யாரும் இதை ஃப்ளெக்ஸ் அடிப்பதில்லை. இதில் அசுரன் யார் என்று பார்க்கிறவர்கள் கேட்டுவிடுவார்கள். எருமைக் கொம்பு வைத்து மறைக்க முடியாது. பக்கத்து சீட்டுக்காரன் முகம் ஞாபகத்துக்கு வந்துவிடும்.

சைக்கிள் ஸ்டாண்டில் அந்தப் பெண் சொன்னதும் அதுதான். கல்லூரிப் பேருந்தில் வருகிற ஒருவன், மாணவன் இல்லை, வேலை பார்க்கிறவன். அவள் புகார் எழுதிக் கொடுத்து நாலு மாதம் ஆகிறது. வாங்கி வைத்துக்கொண்டு, “வீட்டுக்குத் தெரிஞ்சா படிப்பை நிறுத்திருவாங்க, யோசிச்சுக்க” என்றார்களாம். அப்படிச் சொன்னவர் ஒரு பெண்தான். பிறகு அதே அலுவலகத்திலிருந்து நடனத்துக்கு ஆள் சேர்த்தபோது இவளையும் கூப்பிட்டிருக்கிறார்கள். முன்னால் நிற்க நிறம் கொஞ்சம் மட்டு என்று பின்வரிசையில் கை நீட்ட வைத்திருக்கிறார்கள். “கையில என்னக்கா குடுத்தாங்க தெரியுமா? கரண்டி” என்று சிரித்தாள். சிரித்த பிறகு அழுதாள்.

2013 சட்டமும், அதையொட்டிப் பல்கலைக்கழக மானியக் குழு மாணவிகளையும் சேர்த்துக் கொண்டுவந்த விதிமுறைகளும் உள் புகார்க் குழு ஒன்று இருக்க வேண்டும் என்கின்றன. அதன் உறுப்பினர்களின் பெயர்களை எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதிப் போட வேண்டும். அன்று கிளம்புவதற்கு முன் நிர்வாகத்தில் ஒருவரிடம் அந்தப் பலகை எங்கே என்று கேட்டேன். அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், “கமிட்டி இருக்கு மேடம், போர்டுதான் இன்னும் மாட்டல, ஃபண்டு பிரச்சினை” என்றார். மேடையில் அந்த ஃப்ளெக்ஸை நாலு பேர் சேர்ந்து சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

மாணவிகளே, அடுத்த மார்ச்சுக்குள் உங்கள் கல்லூரியில் அந்தப் பலகை எங்கே இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள். கேட்பதை உங்கள் பெயரிலேயே கேளுங்கள். சாமி வந்து கேட்க வேண்டாம்.

போன வாரம் அவள் போனில் பேசினாள். புகாரை மறுபடி எழுதியிருக்கிறாள். இந்த முறை இரண்டு பக்கம். தேதி, நேரம், எந்த நிறுத்தத்துக்கும் எந்த நிறுத்தத்துக்கும் நடுவில் என்பது வரை எல்லாம் போட்டு, ஒரு நகல் மாவட்டச் சமூகநல அலுவலகத்துக்கும் அனுப்பியிருக்கிறாள். அன்று நடனம் ஆடியவர்கள் எல்லோரும் அதே பேருந்தில் வருகிறவர்கள்தானாம். முன்னால் சூலத்தோடு நின்றவளும் சேர்த்து, அடியில் ஐந்து கையெழுத்து இருக்கிறது.